விளக்கைப் பிடித்தவர்கள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சுண்ணாம்புக் குகைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். குகைக்குப் போய் வந்தவர்கள் நமக்குப் படம் காட்டுவார்கள். கூரையில் தொங்கும் கல், தரையிலிருந்து எழும் கல், இரண்டுக்கும் நடுவே சிரித்துக்கொண்டு நிற்கும் குடும்பம். அந்தப் படங்களில் ஒருவர் மட்டும் இருக்கவே மாட்டார்: விளக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடந்தவர். இன்று அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கல்லைப் பற்றியும் சொல்வேன். ஆனால் காட்சிக் குகைகளின் வரலாற்றில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. விளக்கு யார் கையில் இருந்தது? அந்த விளக்கு குகையை என்ன செய்தது?

முதலில் கல். சுண்ணாம்புக்கல்லின் பெரும்பகுதி, பழங்காலக் கடல்களின் அடியில் சிப்பியும் பவளமும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களின் ஓடுகளும் படிந்து இறுகியது. மழைநீர் காற்றிலிருந்து கொஞ்சமும் மண்ணிலிருந்து நிறையவும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு இறங்குகிறது. இறங்கும்போதே மென்மையான அமிலமாகிவிடுகிறது. அது பாறையின் வெடிப்புகளில் புகுந்து கல்லைக் கரைக்கும். வெடிப்பு சந்தாகும், சந்து சுரங்கமாகும், ஆறொன்று உள்ளே புகுந்தால் மண்டபமாகும். ஆறு இன்னும் ஆழத்தில் வேறு வழி கண்டு இறங்கிப் போனபிறகு, காலியான மண்டபத்தின் கூரையில் அதே மழைநீர் கசிந்து சொட்டத் தொடங்கும். சொட்டு குகைக் காற்றைத் தொட்டதும் கரியமில வாயு பிரிந்துபோகும். கரைந்திருந்த சுண்ணாம்பு அங்கேயே படியும். உப்புத் தண்ணீர் ஊர்களில் வெந்நீர் அண்டாவின் உட்புறம் வெள்ளையாக ஏடு கட்டுகிறதே, அதே சுண்ணாம்புதான். கூரையிலிருந்து இறங்குவது கல்விழுது, தரையிலிருந்து எழுவது கல்முளை, இரண்டும் சந்தித்தால் தூண். ஒரு மில்லிமீட்டர் வளரப் பத்து ஆண்டு ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். ஒரு விரற்கடை வளர்வதற்குள் ஓர் அரச வம்சம் வந்து போயிருக்கும்.

இனிக் குகைக்குள் போவோம். தென் ஐரோப்பாவில், இன்றைய சுலோவேனியாவில், கிராஸ் என்றொரு சுண்ணாம்பு மேட்டுநிலம் இருக்கிறது. பள்ளிப் புவியியலில் கார்ஸ்ட் நிலத்தோற்றம் என்று படித்தோமே, அந்தப் பெயர் இந்த மேட்டுநிலத்திலிருந்துதான் வந்தது. அதே நாட்டில் பிவ்கா என்ற ஆறு குடைந்த போஸ்டோய்னா குகை, 24 கிலோமீட்டர் நீளத்துக்கு அளந்து வரையப்பட்டிருக்கிறது.

அதன் வாசல் ஊராருக்குப் புதிதில்லை. வாசலை ஒட்டிய பக்கச் சுரங்கமொன்றின் சுவரில் பழைய கையெழுத்துகள் கிடக்கின்றன. மிகப் பழையது 1213-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். ஆனால் பல நூற்றாண்டுகளாக மனிதர் போனதெல்லாம் முன்பகுதி வரைதான். அப்பால் இருட்டு, பள்ளத்தில் ஆற்றின் இரைச்சல்.

1818-இல் ஆஸ்திரியப் பேரரசர் முதலாம் ஃபிரான்சிஸ் அந்தக் குகையைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. பெரிய இடத்து வருகை என்றால் என்ன நடக்கும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வழி செப்பனிட வேண்டும், பாலம் கட்ட வேண்டும், விளக்கு வைக்க வேண்டும். அந்த வேலைக்கு வந்த உள்ளூர்க்காரர்களில் லூகா சேச் என்பவர் ஒருவர். விளக்கேற்றும் ஆள். அவர் எல்லோரும் நின்ற இடத்தில் நிற்காமல், எதிரே இருந்த பாறைச் சரிவில் ஏறி மறுபுறம் போய்விட்டார். அங்கே மண்டபத்துக்குப் பின் மண்டபமாகக் குகை நீண்டுகொண்டே போனது. இன்று உலகம் பார்க்க வரும் போஸ்டோய்னா, அன்று அவர் கைவிளக்கின் முன் விரிந்த போஸ்டோய்னாதான்.

மறு ஆண்டே, 1819-இல், குகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பட்டத்து இளவரசர் ஃபெர்டினாண்ட் வந்து பார்த்தார். கண்டுபிடித்த பெருமை யாருக்குப் போனது? மாவட்டக் கருவூல அதிகாரியான யெர்ஷினோவிச்சுக்கு. அவரைக் குறை சொல்லவும் முடியாது; பாதை போட்டு, சீட்டுக் கொடுத்து, வருகைப் பதிவேடு வைத்து, குகையை ஒரு நிறுவனமாக்கியவர் அவர். ஆனால் முதலில் ஏறிய கால் அவருடையதில்லை. லூகா சேச்சின் பெயர் தன் இடத்துக்கு வந்து சேர வெகுகாலம் பிடித்தது.

கதை இதோடு முடியவில்லை. 1831-இல் அதே சேச், அதே குகைக்குள், ஒரு சிறிய வண்டைப் பார்க்கிறார். மெல்லிய கழுத்து, நீண்ட கால்கள், கண் என்பதே இல்லை. அதை எடுத்துக்கொண்டு போய் ஹோஹென்வார்ட் பிரபுவிடம் கொடுக்கிறார். பிரபு அதைப் பூச்சியியல் அறிஞர் ஃபெர்டினாண்ட் ஷ்மிட்டிடம் கொடுக்கிறார். ஷ்மிட் 1832-இல் அதை விவரித்து எழுதுகிறார். வண்டுக்கு வைத்த அறிவியல் பெயர் லெப்டோடிரஸ் ஹோஹென்வார்டி. கண்டவர் சேச், கொடுத்தவர் பிரபு, பெயரில் நிற்பவரும் பிரபு. இருட்டுக்கென்றே உடல் அமைந்த பூச்சி ஒன்று உண்டு என்று அறிவியல் அறிந்தது அந்த வண்டால்தான். குகை உயிரியல் என்றொரு துறையே அங்கிருந்து தொடங்குகிறது என்பார்கள். ஒரு துறையின் தொடக்கத்தில் விளக்கேற்றும் தொழிலாளி ஒருவர் நிற்கிறார்.

இப்போது அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவின் கென்டக்கிக்குப் போவோம். உலகிலேயே நீளமான குகை அங்கே இருக்கும் மேமத் குகை. இதுவரை அளந்தது 680 கிலோமீட்டருக்கும் மேல். 1838-இல் அதை வாங்கிய ஃபிராங்க்ளின் கோரின் என்ற வழக்கறிஞர், வழிகாட்டி வேலைக்கு ஒரு பதினேழு வயதுப் பையனைக் கொண்டுவந்தார். பெயர் ஸ்டீபன் பிஷப். கோரினின் அடிமை. பார்க்க வருபவர்களுக்கு விளக்குப் பிடிப்பதுதான் அவருக்கு இட்ட வேலை. அவர் செய்தது வேறு. அடி தெரியாத பள்ளம் என்று எல்லோரும் திரும்பிவந்த இடத்தில், குறுக்கே மரத்தைப் போட்டுக் கடந்தார். அதற்கு அப்பால் கிலோமீட்டர் கணக்கில் புது வழிகளைக் கண்டார். கண்ணில்லாத மீன்கள் வாழும் நிலத்தடி ஆற்றையும் கண்டார்.

மறு ஆண்டு குகை ஜான் குரோகன் என்ற மருத்துவருக்குக் கைமாறியது. குகையோடு ஸ்டீபன் பிஷப்பும் கைமாறினார். இந்த வாக்கியத்தை நீங்கள் இன்னொரு முறை மனத்துக்குள் சொல்லிப் பார்க்க வேண்டும். உள்ளே இருந்த வழியெல்லாம் அந்த இளைஞரின் தலைக்குள் இருந்தது. அவரோ சொத்துக் கணக்கில் ஓர் இனம். 1842-இல் குரோகனின் வீட்டில் உட்கார்ந்து, நினைவிலிருந்தே அவர் குகையின் வரைபடத்தை வரைந்தார். பின்னர் அச்சான ஒரு நூலில் அது வெளிவந்தபோது வரைந்தவர் பெயராக அவர் பெயரே இருந்தது. அடிமை ஒருவரின் பெயர் அப்படி அச்சில் ஏறுவது அந்தக் காலத்தில் அரிது. 1856-இல் அவருக்கு விடுதலை கிடைத்தது. 1857-இல் இறந்துபோனார். முப்பத்தேழு வயதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ.

அவரோடு அதே குகையில் வேலை பார்த்தவர்கள் மாட் பிரான்ஸ்ஃபோர்ட், நிக் பிரான்ஸ்ஃபோர்ட் என்ற இருவர். அவர்களும் அடிமைகள். அந்தக் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக வழிகாட்டிகளாக இருந்தார்கள். 1941-இல் மேமத் குகை தேசியப் பூங்காவானபோது அந்தத் தொடர்ச்சி அறுந்தது. இந்த நூற்றாண்டில்தான் அவர்களின் வழித்தோன்றல் ஒருவர் பூங்காவின் சீருடையில் மறுபடியும் விளக்கோடு உள்ளே போனார்.

விளக்குப் பிடிப்பவர் முதலாளி சொன்ன இடத்துக்கு வெளிச்சம் காட்டுபவர் என்றுதான் உலகம் நினைக்கிறது. தினமும் உள்ளே போகிறவர் அவர் ஒருவர்தான் என்பதை மறந்துவிடுகிறது. பிரபு ஒருநாள் வருவார், அறிஞர் ஒரு பருவம் தங்குவார். வழிகாட்டிக்கு மட்டும் நேற்று இல்லாதது இன்று இருந்தால் கண்ணில் படும்.

சரி, இன்று ஒருவர் போஸ்டோய்னா போனால் என்ன பார்ப்பார்? சீட்டு வாங்கி உள்ளே போனதும் ஒரு குட்டி ரயில் நிற்கும். மேலே மூடியில்லாத சிறு பெட்டிகள். 1872-இலேயே குகைக்குள் தண்டவாளம் போட்டுவிட்டார்கள். எஞ்சின் கிடையாது, பயணிகள் உட்கார்ந்திருக்க, வழிகாட்டிகளே வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார்கள். இப்போது மின்சார எஞ்சின் இழுக்கிறது. பாறை தலையில் இடித்துவிடுமோ என்று எல்லோரும் குனிந்துகொள்ளும் அளவுக்குத் தாழ்வான சுரங்கங்களில் புகுந்து அது பெரிய மண்டபங்களுக்குக் கொண்டுபோய் விடும். ஆண்டு முழுக்கப் பத்து டிகிரி குளிர். வெளியே கோடையானாலும் ஸ்வெட்டர் வேண்டும். குகையின் வெப்பநிலை பெரும்பாலும் அந்த வட்டாரத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். அதனால்தான் ஆந்திராவின் பேலம் குகையில் நாம் குளிருக்குப் பதில் வியர்வையில் நனைகிறோம்.

ரயிலிலிருந்து இறங்கினால் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. ஓரிடத்தில் பள்ளத்தைக் கடக்க ஒரு பாலம். அதற்கு ரஷ்யப் பாலம் என்று பெயர், முதல் உலகப் போரில் பிடிபட்ட ரஷ்யக் கைதிகளை வைத்துக் கட்டியது. கூரையிலிருந்து நூல்நூலாகக் கல் தொங்கும் மண்டபம் ஒன்று. கல்லே திரைச்சீலையாக மடிந்து விளக்கொளியை ஊடுருவ விடும் இடம் ஒன்று. அந்தக் குகையின் அடையாளமாகிவிட்ட, ஐந்து மீட்டர் உயரத்தில் தூய வெள்ளையாக மினுங்கும் கல்முளை ஒன்று. கடைசியில் இசைக் கச்சேரி நடக்கும் அளவுக்கு விரிந்த மண்டபம். 1899-இல் குகைக்குள்ளேயே அஞ்சல் நிலையமும் திறந்தார்கள்.

வழிகாட்டிகள் கல்லுக்கு உருவம் சொல்வதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிப்பார்கள். "அதோ யானை, அதோ கன்னிமேரி" என்பதெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு என்று படித்தவர்களுக்குத் தோன்றுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரக்குப் பள்ளத்தாக்குப் பக்கம் போர்ரா குகையில் ஒரு கல்முளையைச் சிவலிங்கமாக வழிபடுகிறார்கள். எதைப் பார்ப்பது, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் திகைக்கும் கண்ணுக்கு ஒரு பெயர் பிடிமானம் கொடுக்கிறது. ஆனால் பெயரோடு நின்றுவிடும் வழிகாட்டி பாதி வேலைதான் செய்கிறார். "இது யானை மாதிரி இருக்கிறது" என்றவர், "இந்தத் தும்பிக்கையின் நுனியில் இன்னும் சொட்டுகிறது பாருங்கள், தொட்டால் உங்கள் கை எண்ணெய் படிந்து அந்த இடத்தில் வளர்ச்சி கெட்டுவிடும்" என்றும் சொல்லிவிட்டால் முழு வேலை முடிந்தது.

இனி இரண்டாவது கேள்வி. விளக்கு குகையை என்ன செய்தது?

முதலில் தீவட்டியும் மெழுகுவர்த்தியும் இருந்தன. அவை கக்கிய புகை வெள்ளைக் கல்லில் கருப்பாக ஏறியது. மேமத் குகையில் வருகிறவர்களின் பெயரைக் கூரையில் மெழுகுவர்த்திப் புகையால் எழுதிக் கொடுத்துக் காசு வாங்குவது வழிகாட்டிகளுக்கு ஒரு கிளைத் தொழிலாகவே இருந்தது. அந்தப் பெயர்கள் இன்றும் அழியவில்லை. 1944-இல் போஸ்டோய்னா வாசலில் ஜெர்மானியப் படை சேர்த்து வைத்திருந்த எரிபொருளை எதிர்ப்பு இயக்கத்தினர் கொளுத்தினார்கள். வாசல் சுவர்கள் இன்றுவரை கரிந்தே நிற்கின்றன.

போஸ்டோய்னாவுக்கு மின்விளக்கு 1884-இலேயே வந்தது. புகை ஒழிந்தது என்று மகிழ்ந்தார்கள். மின்விளக்கு வேறொன்றைக் கொண்டுவந்தது. பல்லாயிரம் ஆண்டுகள் வெளிச்சமே படாத ஈரச் சுவரில் விளக்கொளி விழுந்ததும், வருகிறவர்களின் உடையிலும் செருப்பிலும் ஒட்டிவந்த வித்துகள் முளைத்தன. விளக்கைச் சுற்றிப் பாசி, பிறகு பச்சைத் தாவரம், சில இடங்களில் பெரணி. அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது கல்லை அரிக்கிறது, நிறத்தைக் கெடுக்கிறது, அந்த இருட்டுக்குரிய உயிர்களின் வாழ்வைக் கலைக்கிறது. கழுவ மருந்து தெளித்தால் மருந்தும் குகைக்குள்தான் தங்குகிறது. அதனால் இப்போது நல்ல குகைகளில் சூடு குறைந்த எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தி, கூட்டம் கடந்ததும் அணைத்துவிடுகிறார்கள்.

வெளிச்சத்தோடு நம் மூச்சும் போகிறது. பிரான்சில் லாஸ்கோ குகை 1940-இல் நான்கு இளைஞர்களால் கண்டுபிடிக்கப்பட்டது. சுவரெல்லாம் கற்கால மனிதன் தீட்டிய காளைகளும் குதிரைகளும். 1948-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். கண்டுபிடித்த இளைஞர்களில் மார்செல் ராவிதாவும் ஜாக் மார்சாலும் அங்கேயே வழிகாட்டிகளானார்கள். நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேல் கூட்டம். அத்தனை பேர் விட்ட மூச்சும் சூடும், எரிந்த விளக்கும் சேர்ந்து சுவரில் பச்சைப் பாசியை வளர்த்தன. 1963-இல் பிரெஞ்சு அரசு குகையை மூடியது. இப்போது வருகிறவர்கள் பார்ப்பது பக்கத்திலேயே கட்டிய நகலை.

அப்படியானால் எல்லாக் குகைகளையும் மூடிவிடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். காணாத ஒன்றைக் காப்பாற்ற யாரும் குரல் கொடுப்பதில்லை. பேலம் குகையைச் சீர்செய்து 2002-இல் திறப்பதற்கு முன் அதைக் குப்பை கொட்டும் குழியாகப் பயன்படுத்தினார்கள். சீட்டு வந்த பிறகுதான் குப்பை நின்றது. எனவே காட்டத்தான் வேண்டும். எப்போது அணைப்பது என்று தெரிந்தவர் கையில் விளக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். போஸ்டோய்னாவின் நீரில் ஓல்ம் என்றொரு உயிர் வாழ்கிறது. ஏறத்தாழ ஒரு சாண் நீள உடல், மனிதத் தோல் போன்ற வெளிர் நிறம், தோலுக்கடியில் மறைந்துபோன கண், கழுத்தோரம் சிவந்த செவுள். ஊரார் அதை மனித மீன் என்பார்கள். 1689-இல் வல்வசோர் என்ற அறிஞர், வெள்ளத்தில் வெளியே அடித்து வரப்பட்ட இந்த உயிரை நாட்டுப்புற மக்கள் டிராகனின் குஞ்சு என்று நம்புவதாக எழுதி வைத்தார். ஆண்டுக்கணக்கில் உணவின்றிக் கிடக்கும்; நூறு வயதை எட்டக்கூடும் என்கிறார்கள்.

2016 ஜனவரி இறுதியில், குகைக்குள் இருந்த கண்ணாடித் தொட்டியில் ஒரு முட்டை ஒட்டிக்கொண்டிருப்பதை ஒருவர் கவனித்தார். ஆய்வாளர் இல்லை. சுற்றுலாக் கூட்டத்தை அழைத்துவந்த வழிகாட்டி! அதன்பின் அந்தப் பெண் ஓல்ம் அறுபதுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டது. நிர்வாகம் செய்ததுதான் முக்கியம். உலகச் செய்தியாளர்கள் திரண்ட நேரத்தில், தொட்டியை வெளிச்சம் படாமல் மூடிவிட்டார்கள். இருட்டில் பார்க்கும் அகச்சிவப்புக் கேமரா வழியாக மட்டுமே உலகம் பார்த்தது. ஏறத்தாழ நான்கு மாதம் கழித்து, மே இறுதியில், முட்டைகள் பொரிக்கத் தொடங்கின. இருபதுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் பிழைத்தன. லூகா சேச் வண்டைக் கண்டதற்கும் இதற்கும் 185 ஆண்டு இடைவெளி. இரண்டு முறையும் முதலில் கண்டவர் அங்கே தினப்படி வேலை பார்த்தவர்.

மேமத் குகையிலும் வேறு பல குகைகளிலும் சுற்றின் நடுவே வழிகாட்டி எல்லோரையும் நிறுத்தி, விளக்கை அணைத்துவிடுவார். கண்ணுக்கு நேரே கையைக் கொண்டுவந்தாலும் தெரியாது. எத்தனை நேரம் காத்திருந்தாலும் கண் பழகாது. பழகுவதற்கு ஒளி என்று துளியும் அங்கே இல்லை. எல்லா விளக்குகளும் காட்டியதைவிட அந்த ஒரு நிமிடம் குகையைப் பற்றி அதிகம் சொல்லிவிடும்.

நம்மவர்களுக்கு நெருக்கமான ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். மலேசியாவின் பத்துமலை. 272 படி ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு இறங்கும் நம்மில் பலருக்கு, அந்த மலையே சுண்ணாம்புக்கல் என்பது நினைவில் இருப்பதில்லை. கோயில் குகைக்குச் சற்றுக் கீழே இருட்டுக் குகை என்று இன்னொன்று இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை வழிகாட்டியோடு அதற்குள் போகலாம். நிலையான விளக்கு எதுவும் கிடையாது. தலைக்கவசமும் கையில் ஒரு டார்ச்சும் கொடுப்பார்கள். பூச்சி சிக்கினால் பாய்வதற்காக வளைக்கு மூடி போட்டுக் காத்திருக்கும் மிகப் பழைய வகைச் சிலந்தி ஒன்று அங்கே வாழ்கிறது. மேலே திருவிழா வெளிச்சம், கீழே காக்கப்பட்ட இருட்டு. இரண்டும் ஒரே மலைக்குள் இருக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

முடிக்கிறேன். நம் நாட்டுக் குகைகளில் வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? குரல் கணீரென்று இருக்கிறதா, நான்கு மொழி வருமா என்று பார்க்கிறோம். பார்க்கலாம். அதோடு அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. எந்தச் சுவரில் பச்சை தெரிகிறது, எந்தச் சொட்டு நின்றுபோனது, எந்த வௌவால் கூட்டம் இடம் மாறியது என்று அவர் எழுதட்டும். அதைப் படித்துப் பதில் சொல்ல ஓர் அலுவலர் இருக்கட்டும். இன்றைக்கு இந்தக் கூட்டம் போதும், இந்த விளக்கு வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமும் வழிகாட்டிக்கு இருக்கட்டும். ஒப்பந்தக் கூலியாக அல்லாமல், நிரந்தர வேலையும் முறையான பயிற்சியும் கிடைத்தால் அவரே அதைச் செய்துவிடுவார்.

நீங்கள் அடுத்த முறை ஒரு குகைக்குப் போனால் இரண்டு காரியம் செய்யுங்கள். இந்த வழியை முதலில் கண்டவர் யார் என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். தொடாதீர்கள், கேமரா ஒளி வேண்டாம், நகருங்கள் என்று அவர் சொல்லும்போது முணுமுணுக்காமல் கேளுங்கள். நீங்கள் வெளியே வந்தபின்பும் அந்தக் குகையோடு இருக்கப்போகிறவர் அவர்தான்.